உப்புத் தண்ணீரும் புல்லும்: வாசகர் கேள்வி பதில்

ராதாபுரம், திசையன்விளை, உவரி பக்கமிருந்தும், ஏரல், ஆத்தூர்ப் பக்கமிருந்தும் வந்த கடிதங்கள் இவை. கேட்டவர்கள் வேறு வேறு ஊர், தொந்தரவு பெரும்பாலும் ஒன்றுதான். கிணறு உப்பாகிவிட்டது, தீவனப் புல் கருகுகிறது.

அண்ணாச்சி, கம்பு நேப்பியர் போட்டு நாலு மாடு வச்சிருக்கேன். ரெண்டு வருசமா கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்குது, புல்லு நுனியிலிருந்து கருகுது. அதே தண்ணி போற வாய்க்கால் வரப்புல அருகம்புல் மட்டும் பச்சைப் பசேல்னு நிக்கி. ஒரே மண்ணு, ஒரே தண்ணி. அருகுக்கு மட்டும் என்ன வரம்? (திசையன்விளை வாசகர்)

உப்பு பயிரை இரண்டு தடவை அடிக்கும். முதல் அடி தாகம். மண்ணில் உள்ள நீரைவிட வேருக்குள் இருக்கும் சாறு அடர்த்தியாக இருந்தால்தான் தண்ணீர் உள்ளே வரும். மண்நீர் உப்பேற உப்பேற அந்த இழுவை குறையும். வயல் ஈரமாகத்தான் இருக்கும், பயிருக்கு மட்டும் தாகம் தீராது. இது உப்புத் தண்ணீர் பாய்ந்த சில நாளிலேயே தெரியும்: புது இலை சிறுத்து வரும், நிறம் கருநீலப் பச்சையாக மாறும், தூர் வெடிப்பது குறையும், உச்சி வெயிலில் இலை சுருளும். இந்தக் கட்டத்தில் பலர் சத்துக் குறைவு என்று நினைத்து யூரியாவை வீசுகிறார்கள். யூரியாவும் மண்ணில் கரைந்து மாறும்போது உப்பைக் கூட்டத்தான் செய்யும்.

இரண்டாவது அடி விஷம். இலை நீரை ஆவியாக விடுகிறது, உப்பு இலையிலேயே தங்குகிறது. இரண்டு மூன்று வாரம் சேர்ந்த பிறகு மூத்த இலையின் நுனியில் கருகல் தொடங்கி ஓரமாக இறங்கும். நீங்கள் சொல்வது இதைத்தான். குருத்து முதலில் கருகினால் வேறு காரணம் தேடுங்கள்.

அருகு இந்த இரண்டுக்கும் தயாராக இருக்கிற புல். வேரிலேயே சோடியத்தைப் பெருமளவு தடுத்து, பொட்டாசியத்தை உள்ளே விடுகிறது. தப்பி வந்த சோடியத்தைச் செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் பூட்டி வைக்கிறது. நீர்ப்பைக்கு வெளியே உள்ள பகுதி சுண்டிப்போகாமல் இருக்கப் புரோலின், கிளைசின் பீட்டைன் போன்ற கெடுதல் செய்யாத பொருள்களைத் தானே தயாரித்து நிரப்பிக்கொள்கிறது. அதற்கும் மேலே மிஞ்சினால் இலைமீதுள்ள உப்புச் சுரப்பி வழியாக வெளியே தள்ளுகிறது.

இந்தச் சுரப்பி இரண்டே செல்லால் ஆனது: ஒன்று இலைக்குள் புதைந்திருக்கும், இன்னொன்று தொப்பி மாதிரி மேலே இருக்கும். அருகில் இது அடக்கமாகத்தான் வேலை செய்யும், கண்ணுக்கு எளிதில் படாது. கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கடலோரச் சதுப்பில், தரையோடு படர்ந்து, குட்டையான விறைத்த இலை விட்டு வளரும் ஈலூரோபஸ் புல்லைப் பாருங்கள். மழையில்லாத நாள் காலையில், பனி காய்ந்த பிறகு, பத்து மடங்கு லென்ஸை இலைமேல் பிடித்தால் வரிசை வரிசையாக வெள்ளைப் பொடி தெரியும். லென்ஸ் இல்லையென்றால் நாக்கில் வைத்தாலே போதும். கம்பு நேப்பியருக்கு இந்தச் சுரப்பி கிடையாது.

ஆனால் இத்தனை காவலும் அருகுக்குச் சும்மா கிடைக்கவில்லை. உப்பைப் பூட்டவும் வெளியே தள்ளவும் சக்தி செலவாகிறது, அந்த அளவு வளர்ச்சி குறைகிறது. கணக்கில் சொன்னால், மண் குழைவுச் சாற்றின் மின்கடத்தும் திறன், அதாவது உப்பு கூடக் கூட ஏறும் ஈ.சி. அளவு, மீட்டருக்கு 6.9 டெசிசீமன்ஸ் வரை அருகின் விளைச்சல் குறையாது. அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் 6.4 சதவீதம் குறையும். 14.7 வரும்போது பாதிதான் மிஞ்சும். தீவன மக்காச்சோளம் 1.8-லேயே சரியத் தொடங்கிவிடும். நெல்லும் புல் குடும்பம்தான். அதற்கு எல்லை 3, அப்புறம் அலகுக்கு 12 சதவீதம் இறக்கம்.

மண் பரிசோதனை அட்டையில் ஈ.சி. 0.9 என்று போட்டு, 'உப்புத் தொந்தரவு இல்லை' என்று எழுதித் தந்துவிட்டார்கள். வயலில் புல் காய்கிறது. எதை நம்ப? (உவரி வாசகர்)

புல்லை நம்புங்கள். அட்டையும் பொய் சொல்லவில்லை, அது வேறு கணக்கு. மேலே சொன்ன 6.9, 1.8 எல்லாம் மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அந்தக் குழைவிலிருந்து பிழிந்த சாற்றில் அளந்தவை. உங்கள் பக்கத்து மணல் மண் 100 கிராமைக் குழைக்க 25 மில்லி தண்ணீர் போதும். ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்வது 1-க்கு 2.5, அதாவது அதே 100 கிராமுக்கு 250 மில்லி. பத்து மடங்கு நீர்த்துவிடுகிறது. களிமண்ணென்றால் குழைக்கவே 60 மில்லிக்கு மேல் பிடிக்கும், அதனால் நீர்ப்பு நாலு மடங்கு அளவில்தான். ஒரே 0.9 களிமண்ணில் ஒரு சேதி, தேரிச் செம்மணலில் வேறு சேதி. குழைவுச் சாற்றில் அளந்து தரும்படி கேளுங்கள். அது முடியாதென்றால் மண்ணின் வகையையும் எந்த விகிதத்தில் கரைத்தார்கள் என்பதையும் அட்டையில் எழுதி வாங்குங்கள்.

மாதிரி எடுப்பதிலும் தப்பு நடக்கிறது. வெள்ளை பூத்த மேல்மண்ணைச் சுரண்டி அனுப்பினால் எண் எகிறும். மழை பெய்த மறுவாரம் எடுத்தால் எண் படுத்துவிடும். கடைசித் தண்ணீர் பாய்ச்சிப் பத்து நாளாவது ஆன பிறகு, பல இடங்களில் 'வி' வடிவில் வெட்டி 15 செ.மீ. ஆழம் வரை சீவி எடுத்து, கலந்து அரைக் கிலோ அனுப்புங்கள். பல ஆண்டு நிற்கும் புல்லுக்கு 30 முதல் 60 செ.மீ. ஆழத்து மண்ணைத் தனிப் பையில் கட்டுங்கள். கிணற்று நீருக்கு, மோட்டாரை 20 நிமிடம் ஓடவிட்ட பிறகு, அதே தண்ணீரில் இரண்டு தடவை அலசிய அரை லிட்டர் பாட்டிலில் பிடிக்க வேண்டும்.

உப்பு தாங்கும் புல்லை இரண்டு மூன்று வருடம் வளர்த்து அறுத்துக்கொண்டே வந்தால் நிலத்து உப்பையெல்லாம் அது குடித்துவிடும், பிறகு வாழை போடலாம் என்கிறார்கள். சரியா? (ராதாபுரம் வாசகர்)

சரியில்லை. இதைச் சொல்லித்தான் நாற்று விற்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஈ.சி. 1 என்றால் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு. உங்கள் கிணறு 4 என்றால் லிட்டருக்கு 2.5 கிராமுக்கு மேல். ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் தண்ணீர் கட்ட இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். அப்படியானால் ஒரே ஒரு தண்ணீரில் நிலத்துக்கு வருவது 500 கிலோவுக்கு மேல் உப்பு, பத்து மூட்டை! இனி புல்லைப் பாருங்கள். ஏக்கரில் ஆண்டுக்கு 4 டன் காய்ந்த தீவனம் அறுத்து, அதில் 5 சதவீதம் உப்பு இருந்தது என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும் வெளியே போவது 200 கிலோ. ஒரு தண்ணீரில் வந்ததில் பாதிகூட இல்லை. சுரப்பி வழியாக இலைமேல் தள்ளிய உப்பும் அடுத்த மழையில் அதே மண்ணில்தான் விழும்.

அப்படியென்றால் புல் வீணா? இல்லை. அது வேறு மூன்று காரியம் செய்கிறது. தரையை மூடி வெயில் படாமல் காப்பதால், கீழே இருக்கும் உப்பு ஈரத்தோடு ஏறி மேலே பூப்பது குறைகிறது. வேர் இறங்கிச் செத்த தடங்கள் வழியாக மழைநீர் ஆழத்துக்குப் போகிறது. சுண்ணாம்புள்ள களர் நிலத்தில், அதாவது சோடியம் ஒட்டி இறுகிய நிலத்தில், வேர் விடும் கரியமில வாயு சுண்ணாம்பைக் கரைத்து, சோடியத்தை விரட்டும் கால்சியத்தை வெளியே கொண்டுவருகிறது. உப்பைக் கழுவுவது மழையும் வடிகாலும்தான். புல் அதற்கு வழி வெட்டிக் கொடுக்கும். வடிகால் இல்லாத பள்ளத்தில், நிலத்தடி நீர் ஒன்றரை மீட்டருக்குள் நிற்கிற இடத்தில், எந்தப் புல்லை நட்டாலும் உப்பு போகாது.

வாழை உப்புக்கு மிகவும் கூச்சப்படும் பயிர். கிணறு 4-லேயே நிற்கும் வரை அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வயலில் உப்புப் பூப்பது நின்றிருந்தது. இப்போது மறுபடி பூக்கிறது, தரையும் சிமெண்ட் போட்டதுபோல இறுகிக் கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. வெள்ளம் புதிதாக எதையும் கொண்டுவந்து போட்டதா? (ஏரல் வாசகர்)

அந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் 95 செ.மீ. பதிவானது. அவ்வளவு நல்ல தண்ணீர் மேல்மண்ணிலிருந்த உப்பைக் கீழே தள்ளியிருக்கும். வெள்ளையாகப் பூத்தது நின்றது அதனால்தான். அதன்பிறகு அதே உப்புக் கிணற்றைத்தானே இறைத்தீர்கள்? மேலே சொன்ன பத்து மூட்டைக் கணக்கு அங்கேயும் பொருந்தும்.

இறுகிப்போனது தனிச் சேதி. கடல் உப்பு ஏறிய களிமண்ணில் உப்பு மிகுந்திருக்கும்வரை மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல தண்ணீர் உப்பைக் கழுவிவிட்டு, களிமண் துகளோடு ஒட்டியிருந்த சோடியத்தை மட்டும் விட்டுப் போனால், துகள்கள் பிரிந்து கரைந்து, மண்ணின் கண்களை அடைத்துவிடும். உவர் நிலம், அதாவது வெறும் உப்பு மிகுந்த நிலம், களராக மாறிவிட்டது என்று அர்த்தம். ஒரு கட்டியை எடுத்துக் கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீரில் போட்டு, அசைக்காமல் ஒரு நாள் வையுங்கள். கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கினால் சோடியம் வேலை செய்கிறது. மண்ணின் காரத்தைக் காட்டும் பி.எச். எண் 8.5-ஐத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

களருக்குக் கால்சியம் தரும் ஜிப்சம் வேண்டும், வெறும் உவருக்குத் தேவையில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் மணல் நிலத்தில் ஜிப்சம் கொட்டிக் காசைக் கரைக்கிறவர்கள் உண்டு. எவ்வளவு என்று பரிசோதனை அட்டை ஜிப்சம் தேவையைச் சொல்லும், அதில் பாதியைப் போட்டால் போதும். வயலை 8 அல்லது 10 சென்ட் பாத்தியாகப் பிரித்து மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். பொடித்த ஜிப்சத்தைத் தூவி, மேல்மண் 10 செ.மீ. ஆழத்துக்குள் மட்டும் கலக்குங்கள். ஆழ உழுதால் சத்து மங்கிவிடும். பிறகு நல்ல தண்ணீரைக் கட்டி நிறுத்தி, வடித்து, மறுபடி கட்ட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் தூவி முடித்தால் வானமே அந்த வேலையைப் பார்க்கும். மழை விட்டதும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுங்கள்.

எந்தப் புல்லை எப்படி நடுவது? விதையைத் தூவிப் பார்த்தேன், முளைக்கவே இல்லை. (கூடங்குளம் பக்கத்து வாசகர்)

வளர்ந்த பிறகு உப்பைத் தாங்கும் புல்லில் பல, முளைக்கும்போதும் இளநாற்றாக இருக்கும்போதும் தாங்காது. விதை கிடக்கும் மேல் ஒரு அங்குலம்தான் நிலத்திலேயே உப்பு மிகுந்த இடம். ஆகவே விதையை மறந்துவிட்டு வேர்க்கட்டையும் தண்டும் நடுங்கள்.

தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு எருமைப்புல். உப்பை நடுத்தரமாகத் தாங்கும், நீர்த்தேக்கத்தை நன்றாகவே தாங்கும். மேட்டு மணலுக்கு அருகு, வறட்சி மிகுந்த இடத்துக்குக் கொழுக்கட்டைப் புல். வரப்பு சரியாமல் பிடிக்க வெட்டிவேர். குழைவுச் சாறு ஈ.சி. 8 வரை தளராது, 20-இல் பாதியாகும். அதை முதன்மைத் தீவனமாக நம்ப வேண்டாம். கடும் களருக்கு வட இந்தியாவில் கர்னால் புல் என்று ஒன்றைப் போடுகிறார்கள். களரையும் தேங்கிய நீரையும் சேர்த்துத் தாங்கும் அபூர்வமான புல் அது.

நடும் முறை இது. இரண்டு மூன்று கணு உள்ள தண்டுகளை முதலில் நல்ல தண்ணீரில் பாத்தியிலோ பையிலோ வேர்விட வையுங்கள். மூன்று வாரம் கழித்து, கிணற்று நீரைக் கால் பங்கு கலந்து ஊற்றுங்கள். நாலு நாளுக்கு ஒருமுறை பாதி, முக்கால், முழுசு என்று ஏற்றுங்கள். திடீரென்று முழு உப்பில் வைத்தால் வேர்நுனி சுண்டிப்போகும். படிப்படியாக ஏற்றினால் புல் தன் சாற்றை அடர்த்தியாக்கிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

வயலில் பார் (நீள மண்மேடு) பிடித்தால் பாரின் உச்சியில் நடாதீர்கள். பாருக்கு நடுவே உள்ள பள்ளமான சாலில் போகும் தண்ணீர் பாருக்குள் ஏறி உச்சியில்தான் ஆவியாகும், உப்பெல்லாம் அங்கே குவியும். பாரின் பக்கவாட்டில், தண்ணீர் தொடும் மட்டத்துக்குச் சற்று மேலே நடுங்கள். ஒரு சால் விட்டு ஒரு சாலில் மட்டும் பாய்ச்சினால் உப்பு பாரின் மறுபக்கம் ஒதுங்கும். அப்போது ஈரச் சால் பக்கமாக மட்டும் நட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் மிகப் பெரிய தப்பு, 'உப்புத் தண்ணிதானே, தினம் கொஞ்சமாக விடுவோம்' என்பது. கொஞ்சமாக விட்டால் அவ்வளவும் மேலேயே ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். இடைவெளி விட்டு நிறைவாக, வேரைத் தாண்டிக் கொஞ்சம் கீழே வடியும்படி பாய்ச்ச வேண்டும். கிணற்று ஈ.சி. 4, பயிர் அருகு என்றால் வடிய வேண்டிய பங்கு இப்படி வரும்: 6.9-ஐ 5-ஆல் பெருக்கினால் 34.5, அதிலிருந்து 4 போனால் 30.5, 4-ஐ 30.5-ஆல் வகுத்தால் 13 சதவீதம். 5 செ.மீ. தேவைப்படும் இடத்தில் ஐந்தேமுக்கால் செ.மீ. கொடுங்கள். இதையே மக்காச்சோளத்துக்குப் போட்டால் 80 சதவீதம் வடிய வேண்டும் என்று வரும். அதாவது அந்தத் தண்ணீரில் மக்காச்சோளம் ஆகாது.

ஸ்பிரிங்க்ளர் வேண்டாம், இலைமேல் விழுந்த உப்பு நேராக உள்ளே போகும். வேறு வழியே இல்லையென்றால் இரவில் மட்டும் ஓட்டுங்கள். பொட்டாஷ் உரத்தில் மியூரேட் வகையில் குளோரைடு இருக்கிறது; சல்பேட் வகை விலை கூடத்தான், ஆனால் இங்கே அதுதான் சரி. புல்லை ஒட்ட அறுக்காதீர்கள், ஒரு சாண் கட்டையாவது நிற்கட்டும். உப்பில் மறுதுளிர் மெதுவாகத்தான் வரும்.

பத்தமடைப் பாய் முடையும் கோரையும் உப்பு தாங்கும் புல்தானா? (சேரன்மகாதேவி வாசகி)

கோரை புல்லே இல்லை அம்மா, அது தனிக் குடும்பம். தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: புல்லில் கணுவுக்குக் கணு நடுவே பெரும்பாலும் கூடாக இருக்கும், தண்டு உருண்டை. கோரையில் மூன்று பட்டை தெரியும், உள்ளே கெட்டி. இரண்டுக்கும் ஒரே உப்புக் கணக்கைப் போட முடியாது.

மணப்பாடு கடற்கரையில் முள்ளுப் பந்து மாதிரி காற்றில் உருண்டு ஓடுகிறதே, அது என்ன? (பள்ளி மாணவர், திருச்செந்தூர்)

இராவணன் மீசை. அதுவும் புல்தான். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நீ பார்த்தது பெண் செடியின் விதைத் தலை. காம்பிலிருந்து முறிந்து, முள்ளை ஊன்றி ஊன்றி உருண்டு, போகிற வழியில் விதையைச் சிந்தும். ஊசிபோல உருண்ட இலை உப்புக் காற்றுக்கும் வெயிலுக்கும் முகம் காட்டாது. மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அதன் படரும் தண்டுதான், பிடுங்கி விளையாடாதே.

பிசானப் பருவத்தில் வாய்க்கால் கடைமடையில் நெல் நட்டேன். வயல் களர். நட்ட பத்து நாளில் நாற்று சிவந்து சாகிறது. (ஆத்தூர் வாசகர்)

நெல் முளைக்கும்போது ஓரளவு தாங்கும், இளநாற்றில் தாங்காது, தூர் கட்டும்போது மறுபடி தாங்கும், பூக்கும்போது மறுபடி கூசும். உங்களுக்கு விழுந்தது இரண்டாவது கட்டத்தில். 30 நாள் வயதான நாற்றாக, குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக, நெருக்கி நடுங்கள். திருச்சியில் வெளியிட்ட டிஆர்ஒய் 1, டிஆர்ஒய் 3 இரண்டும் களருக்கென்றே வந்த ரகங்கள். களரில் துத்தநாகம் கிடைக்காது. ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவுங்கள். நாற்றங்காலை மட்டுமாவது நல்ல தண்ணீர் பாயும் மேல்மடையில் வையுங்கள்.

உப்பு நிலத்துப் புல்லை ஆடு மாட்டுக்குப் போடலாமா? கிணற்றுத் தண்ணீரையும் அதுகளேதான் குடிக்கின்றன. (திசையன்விளை பக்கத்து ஆடு வளர்ப்பவர்)

போடலாம். உமரி மாதிரி சதை இலைச் செடிகளைவிடப் புல்லில் உப்பு குறைவு. ஆனாலும் அதை மட்டுமே போட்டால் கழிச்சல் வரும், ஆடு மெலியும். பாதி இந்தப் புல், மீதி வைக்கோல், அகத்தி, வேலி மசால் என்று கலந்து கொடுங்கள். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். இந்தப் புல் தின்னும் ஆடு வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். தண்ணீரும் உப்பென்றால் இரண்டும் சேர்ந்துதான் கெடுதல். தீவனத்தில் உப்பு ஏறியிருக்கும்போது தண்ணீர் நல்லதாக இருக்க வேண்டும்.

தண்ணீரில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் உப்பு வரை, அதாவது ஈ.சி. நாலரைக்குச் சற்று மேல் வரை, ஆடு மாடு பழகிக்கொள்ளும். 5,000-ஐத் தாண்டினால், அதாவது ஈ.சி. 8-க்குச் சற்றுக் கீழேயே, சினை ஆட்டுக்கும் பால் கறப்பதற்கும் வைக்கக்கூடாது. 10,000 எதற்குமே ஆகாது. கோடையில் கிணறு வற்ற வற்ற எண் ஏறும் என்பதால் மாசியில் ஒரு தடவையும் வைகாசியில் ஒரு தடவையும் அளந்து பாருங்கள். தொட்டியில் தண்ணீரைத் தேக்கி வெயிலில் வைத்தால் அதுவும் ஆவியாகி இன்னும் கரிக்கும். தினமும் கவிழ்த்து ஊற்றிப் புதிதாக நிரப்புங்கள். கூரை மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைச் சினை ஆட்டுக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.